மடிப்பா, விரிப்பா, பெல்ட்டா, தையலா: எந்தச் சேலைக்கு எந்தக் கட்டு?

சேலையின் முந்தானை முனையை மேசை விளிம்புக்கு வெளியே ஒரு சாண் நீட்டிவிட்டுக் கையை எடுங்கள். துணி அப்படியே நீட்டிக்கொண்டு நின்றால் அது விறைப்பான ரகம்: ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட பருத்தி, கனமான கோர்வைப் பட்டு (கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்தது). சட்டென்று கீழே தொங்கிவிட்டால் குழைவான ரகம்: ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப், சாட்டின். பாதி வளைந்து நின்றால் இடைப்பட்டது: லினன், துவைத்துத் துவைத்துப் பதமான கைத்தறிப் பருத்தி, டஸ்ஸர், சந்தேரி. புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருக்கும் கட்டுகள் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒரு ரகத்தில்தான் நன்றாக உட்காரும். ஜார்ஜெட்டில் கட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருக்கும் காஞ்சிப் பட்டில் அதையே முயன்று, "எனக்கு இதெல்லாம் சரிவராது" என்று பீரோவை மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. துணி வேறு, அவ்வளவுதான்.

ஆகவே முதல் கேள்வி துணி. இரண்டாவது கேள்வி, அந்தச் சேலையோடு அன்றைக்கு என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு மீட்டர் கணக்கு

ஜாக்கெட் துணியை வெட்டியபின் வழக்கமான சேலை ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம், 44 முதல் 48 அங்குலம் அகலம். இடுப்புச் சுற்றளவு 42 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முழுச் சுற்றுக்கு 1.1 மீட்டர் போகும். கொசுவத்துக்குப் பிறகு பின்பக்கமாக வந்து வலது கைக்கு அடியில் வெளிப்படும் வரை 0.8 மீட்டர். அங்கிருந்து மார்பின் குறுக்கே இடது தோள் வரை 0.6. தோளிலிருந்து பின்னால் முழங்கால் வரை 1.1. மொத்தம் 3.6 மீட்டர். மீதி 1.9 மீட்டர்தான் கொசுவத்துக்கு. 5 அங்குல அகலத்தில் ஒரு மடிப்பு 10 அங்குலத் துணியை, அதாவது கால் மீட்டரைத் தின்னும். ஆக 7 மடிப்பு வரும். இடுப்பு 36 அங்குலமாக இருந்தால் இதே சேலையில் 8 மடிப்பு வரும்.

இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கட்டும் இந்த 5.5 மீட்டரை வேறுவிதமாகப் பங்கு போடுகிறது. லெஹங்கா பாணியில் கொசுவத்தை இடுப்பைச் சுற்றிப் பரப்பிச் சொருக 12 மடிப்புக்கு மேல் வேண்டும். அதற்கான துணி முந்தானை நீளத்திலிருந்துதான் வரும். முந்தானை முழங்காலைத் தொடவும் வேண்டும், இடுப்பைச் சுற்றிக் கொசுவமும் வேண்டும் என்றால் 5.5 மீட்டரில் நடக்காது. பாவாடைக்குப் பதில் பேண்ட்மேல் கட்டும் பேண்ட் பாணியில் முதல் சுற்றே கிடையாது, அந்த 1.1 மீட்டர் அப்படியே மிச்சம். இடுப்பு அகலமானவர்களுக்குக் கொசுவம் நிறைவாக விழவில்லை என்ற குறை இருந்தால், பேண்ட் பாணியில் அது தீர்ந்துவிடும். பலரும் கவனிக்காத நன்மை இது.

மடித்த முந்தானையும் விரித்த முந்தானையும்

தினசரித் தேர்வு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 46 அங்குல அகலத்தை 5 அங்குலமாக மடித்தால் தோளில் 9 அடுக்கு சேரும். ஷிஃபானில் 9 அடுக்கு ஒரு பொருட்டே இல்லை. சரிகைக் கரை வைத்த பட்டில் அது ஒரு சிறிய பலகை மாதிரி தோளில் நிற்கும். அதனால் கனமான பட்டுக்கு மடிப்பின் அகலத்தைக் கூட்டி 6 அங்குலமாக்குங்கள். அடுக்கு 7, 8 ஆகக் குறையும், தோளில் படிந்து கிடக்கும். உயரம் குறைவானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் 4 அங்குல மடிப்பு அழகுதான், ஆனால் அது மெல்லிய துணிக்கு மட்டும்.

மடிப்பு கலைந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: தோளில் மட்டும் பின் குத்தியிருப்பார்கள். மடிப்புகள் தோளில் ஒழுங்காக இருந்தாலும் மார்பின் குறுக்கே வரும்போது பிரிந்து தொங்கும். கீழ் ஓரத்தை வலது இடுப்புப் பக்கம் இழுத்து, பாவாடை நாடாவுக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒரு பின் போட்டால் முன்பக்கம் நாள் முழுக்கக் கலையாது. அதைப் போடும்போது மூச்சை வெளியே விட்டு, வயிற்றைத் தளர்த்தி நில்லுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு பின்னைப் போட்டால், சாப்பிட உட்காரும்போது அது துணியைக் கிழிக்கும்.

விரித்த முந்தானை என்பது மடிக்காமல், மேல் கரையைத் தோள் விளிம்பில் ஒரே இடத்தில் பின் செய்து, மீதியை இடது கைமேல் விட்டுவிடுவது. நெசவாளர் முந்தானையில் நெய்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது இப்படிக் கட்டும்போதுதான். டிஷ்யூ, லினன், ஜம்தானி, புட்டா வைத்த பருத்தி எல்லாம் இதற்கென்றே பிறந்தவை. குழைவான துணியில் இதைச் செய்தால் முந்தானை நழுவி முழங்கையில் வந்து கிடக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் போட வேண்டியிருக்கும். கனப் பட்டில் வேறு சிக்கல். விரித்த முந்தானையின் எடை முழுவதும் ஒரே பின்னில் தொங்கும். சில மணி நேரத்தில் பின் இருக்கும் இடத்தில் இழை விலகி ஓட்டை தெரியும். பட்டில் விரித்த முந்தானைதான் வேண்டும் என்றால், தோளில் ஒன்றரை அங்குல இடைவெளியில் இரண்டு பின் போட்டு எடையைப் பகிருங்கள். பின்னை ஒற்றை அடுக்கில் குத்தாமல், கரையை அரை அங்குலம் உள்ளே மடித்து இரட்டை அடுக்கில் குத்துங்கள்.

விரித்த முந்தானை இடது கையைப் பாதி கட்டிப்போடும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். புகைப்படத்துக்கு நிற்கவும் மேடையில் உட்காரவும் ஏற்றது. குழந்தையைத் தூக்க, பரிமாற, அடுப்படியில் நிற்க ஏற்றதல்ல. இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் கட்டாயம் முந்தானையை முன்பக்கம் எடுத்து இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்கிறது. காப்பு பாதியை மறைக்கும். ஒரு மீட்டர் முந்தானை மீதிப் பாதியில் போய்ச் சிக்கும். இந்த ஒரு விஷயத்தில் அழகு, வசதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

முன்கூட்டியே மடித்து வைப்பது

பாக்ஸ் ஃபோல்டிங், ப்ரீ-ப்ளீட்டிங் என்று சொல்வது தனிக் கட்டு அல்ல. வழக்கமான கட்டையே முந்தின நாள் மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டி மாதிரி மடித்து வைப்பது. காலையில் கட்டி முடிக்க ஐந்து நிமிடம் போதும். கல்யாண வீட்டில் அது பெரிய நிம்மதி.

வெற்றி தோல்வி அளவில் இருக்கிறது. பாவாடை கட்டிய நிலையில், சேலை சொருகப்போகும் அதே உயரத்தில் இடுப்பை அளக்க வேண்டும். தோள் நுனியிலிருந்து பின் முழங்கால் வரை ஓர் அளவு. தோளிலிருந்து மார்பின் குறுக்கே வலது இடுப்பு வரை இன்னோர் அளவு. சுடிதாருக்கு எடுத்த இடுப்பளவைக் கொடுத்தால் கொசுவம் தொப்புளுக்கு நேரே வராது. இரண்டு அங்குலம் பிசகினால் கொசுவமும் அவ்வளவு தள்ளியே நிற்கும். கட்டும்போது அதை நகர்த்தவும் முடியாது, ஏனென்றால் மடிப்புக் கோடு இஸ்திரியில் பதிந்துவிட்டது.

பட்டுக்கு இஸ்திரிச் சூடு பட்டு அளவிலேயே இருக்கட்டும். சரிகைமேல் நேரடியாகப் பெட்டியை வைக்காமல் மல் துணி ஒன்றைப் போட்டு அதன்மேல் தேயுங்கள். கூந்தலை நேராக்கும் கருவியால் மடிப்பு பிடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. பருத்தியில் அது பிரமாதமாக வேலை செய்யும். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் உருகிய கோடு விழும், அதை எடுக்க முடியாது. முந்தானையின் உள்மூலையில் ஒரு விரல் அகலத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சேலையை மடித்த நிலையிலேயே அடுத்த விசேஷம் வரை பீரோவில் வைப்பதுதான் பெரிய தவறு. அழுத்திய மடிப்பில் சரிகை வளைந்தே கிடந்து அந்தக் கோட்டிலேயே ஒடியத் தொடங்கும். துருப்பிடிக்கும் பின் அதில் இருந்தால் கறையும் சேரும். கட்டி முடித்த அன்றே எல்லாக் கிளிப்பையும் கழற்றிவிட வேண்டும்.

பெல்ட்

இடுப்பில் ஒட்டியாணம் போட்ட ஊருக்கு சேலைமேல் பெல்ட் அந்நியமானதல்ல. வேறுபாடு ஒன்று உண்டு: இப்போதைய பெல்ட் முந்தானை மடிப்புகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் அதற்கு அழகோடு வேலையும் இருக்கிறது. குழைவான துணிகளில் வேறெந்தக் கட்டையும்விட இதுதான் உறுதியாக நிற்கும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும், முந்தானை நழுவாது, நடனமாடலாம்.

தோளில் பின் போட்டபின் முன்பக்க மடிப்புகளை மார்பு முழுக்கச் சற்று விரித்து, இடுப்பில் மட்டும் சேர்த்துப் பிடித்து, பெல்ட்டை மாட்டுங்கள். பெல்ட்டுக்கு மேலே துணியை ஒரு விரற்கடை மேல்நோக்கி இழுத்துத் தளர்த்துங்கள். இந்தத் தளர்வு இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் தோள்பின் இழுபட்டு ஜாக்கெட்டும் சேர்ந்து தூக்கும். பெல்ட் அகலம் ஒன்றரை அங்குலம் போதும். மூன்று அங்குல பெல்ட் நிற்கும்போது கம்பீரமாக இருக்கும். உட்கார்ந்தால் விலா எலும்பில் குத்தும். எலாஸ்டிக் பெல்ட் மெல்ல மெல்ல மேலே ஏறும்.

கல் பதித்த உலோக பெல்ட்டை ஷிஃபான்மேலோ சரிகைப் பட்டின்மேலோ போட வேண்டாம், இழையைப் பிடித்து இழுத்துவிடும். பட்டுக்கு பெல்ட் வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஜாக்கெட் துணியில் மிஞ்சியதைக் கொண்டு உள்ளே கான்வாஸ் வைத்துத் தைத்த துணி பெல்ட்டே நல்லது. விறைப்பான ஆர்கன்சாவில் பெல்ட் போட்டால் அதற்கு மேலும் கீழும் துணி பலூன் மாதிரி உப்பும். அந்தத் தோற்றம் பிடித்திருந்தால் சரி. ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக என்றால் ஏமாற்றம்தான்.

பாவாடையா, ஷேப்வேரா, பேண்ட்டா

பருத்திப் பாவாடையின் பெரிய பலம் பிடிமானம். பருத்தி நூல் சேலையை நழுவ விடாது, வியர்வையை உறிஞ்சும், ஒரு கிலோ பட்டையும் நாடா தாங்கும். பலவீனமும் அந்த நாடாதான். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்புத் தோல் கறுத்து, புண்ணாகி, அரிதாகப் புற்றுநோயாகவே மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டையும் கொக்கியும் வைத்துத் தைத்துக்கொண்டால் அழுத்தம் பரவும். தினமும் சேலை கட்டுகிறவர்கள் இந்த மாற்றத்தை இந்த வாரமே செய்துகொள்ளலாம். தையல்காரருக்கு அரை மணி நேர வேலை.

ஷேப்வேர், அதாவது உடலோடு ஒட்டிப் பிடிக்கும் இழுவைத் துணிப் பாவாடை, ஆர்கன்சாவின் உப்பலை அடக்கும், ஷிஃபானை உடலோடு ஒட்டி விழச் செய்யும். ஆனால் லைக்ராவில் துணி நழுவும். நாடாவும் சேர்ந்த ஷேப்வேர் இல்லையென்றால் கொசுவம் இரண்டு மணி நேரத்தில் கீழிறங்கி, தரையைப் பெருக்கும். பக்கத்தில் பிளவு இல்லாத ரகம் காலடியைச் சுருக்கிவிடும். படிக்கட்டும் பேருந்தும் உள்ள நாளுக்கு அது வேண்டாம். கனப் பட்டுக்கு இதைப் பரிந்துரைக்கவே முடியாது. பட்டு தன் விறைப்பாலேயே நிற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியப்போவதில்லை, நழுவல் மட்டும் மிஞ்சும்.

பேண்ட் பாணிக்கு எலாஸ்டிக் இடுப்பு லெகிங்ஸைவிட, கெட்டியான இடுப்புப்பட்டி உள்ள நேர்க்கால் பேண்ட் மேல். சேலையின் உள்முனையைத் தொப்புளுக்கு நேரே சொருகி, சுற்றாமல் அங்கேயே கொசுவம் பிடித்து, சற்று இடது பக்கமாகச் சொருகி, மீதியைப் பின்னால் கொண்டுவந்து வலது கைக்கு அடியில் எடுத்துத் தோளில் போட வேண்டும். வலது கால் பேண்ட்டோடு வெளியே தெரியும். முதல் சுற்று இல்லாததால் கொசுவத்தைப் பிடித்து நிறுத்த வேறு துணி கிடையாது. எனவே கொசுவத்தை இடுப்புப்பட்டியோடு சேர்த்து இரண்டு பின் போட்டுப் பூட்டியே ஆக வேண்டும். அது இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஜார்ஜெட் சேலையோடு பாலியெஸ்டர் லெகிங்ஸ் சேர்ந்தால் நிலைமின்சாரத்தில் துணி காலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி பேண்ட் அதைத் தவிர்க்கும். பயணம், கல்லூரி விழா, வேகமாக நடக்க வேண்டிய அலுவலக நாள் எல்லாவற்றுக்கும் இது நல்ல தேர்வு. பேண்ட்டில் பாக்கெட் இருப்பது உபரி லாபம்.

"இது சேலை கட்டும் முறையா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். கொசுவத்தை முன்னால் சொருகி, பாவாடை ஜாக்கெட்டோடு, இடது தோளில் முந்தானை போடும் இன்றைய பொதுக் கட்டும் வந்து சேர்ந்த ஒன்றுதான். 1860-களில் பம்பாயில் வாழ்ந்த ஞானதானந்தினி தேவி, அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தியதைப் பார்த்துத் தழுவி வங்காளத்தில் பரப்பிய முறையும் அதன் வரலாற்றில் சேரும். தமிழ்நாட்டு உழவுப் பெண்கள் கட்டிய பின்கொசுவத்தில் பாவாடையே கிடையாது. காலுக்கு வீச்சு வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று கண்டாங்கியைப் பின்கொசுவமாகக் கட்ட விரும்புகிறவர்கள் உள்ளே பருத்தி லெகிங்ஸ் போட்டுக்கொள்வதில் தப்பேதும் இல்லை.

தைத்த சேலை

கொசுவம் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்து, இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும் சேலையை இழிவாகப் பேசுவது எளிது. கைவிரல் வலி உள்ளவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்கும், சேலையே கட்டிப் பழகாதவர்களுக்கும் சேலை உடுத்தும் வாய்ப்பையே இதுதான் திறந்துவிடுகிறது. கேள்வி எந்தச் சேலையைத் தைப்பது என்பதில் இருக்கிறது. ஜார்ஜெட், கிரேப், பூனம், கலப்புப் பருத்தி ஆகியவற்றைத் தாராளமாகத் தைக்கலாம். கோர்வைப் பட்டில் ஊசி போன இடம் துளையாக நிற்கும், பிரித்தாலும் மறையாது. டிஷ்யூவிலும் அப்படியே. அவற்றைத் தைக்கவே கூடாது; பாக்ஸ் ஃபோல்டிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். சேலையை எங்கேயும் வெட்டக் கூடாது. கொசுவத்தை மேல் விளிம்பில் தனிப் பட்டையோடு சேர்த்துத் தைத்தால் போதும். தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், நாளை பிரிக்க வேண்டியிருக்கலாம். கொக்கிக்கு ஓர் அங்குல இடைவெளியில் நான்கு வரிசை வளையம் வையுங்கள். உடம்பு ஏறும், இறங்கும். முந்தானையைத் தைத்துப் பூட்ட வேண்டாம். மடிப்பாகவும் விரிப்பாகவும் போடும் சுதந்திரத்தை அதில் மட்டுமாவது விட்டுவைக்கலாம். அளவு கொடுக்கும்போது வழக்கமாக அணியும் செருப்பைப் போட்டுக்கொண்டே நில்லுங்கள். தைத்த சேலையின் உயரத்தைச் செருப்புக்கேற்ப மாற்ற முடியாது. இரண்டு அங்குலக் குதிகாலுக்குத் தைத்தது தட்டைச் செருப்பில் தரையில் புரளும்.

ஜாக்கெட்டுக்குப் பதில்

சட்டை, க்ராப் டாப், டி-ஷர்ட் என்று எதையும் போடலாம். பின் எங்கே நிற்கும் என்பதை மட்டும் பாருங்கள். பின்னலாடைத் துணியில் பின்னைக் குத்தினால் அது துணியை இழுத்து ஓட்டையாக்கும். தோள் தையலின் மேலேயே குத்துங்கள், உள்ளாடைப் பட்டையையும் சேர்த்துக் குத்தினால் இன்னும் உறுதி. சட்டை என்றால் மெல்லிய பாப்ளின் எடுங்கள். கெட்டித் துணியை இடுப்பில் சொருகினால் கொசுவத்துக்கு அடியில் மேடு தட்டும். காலர் வெளியே தெரியட்டும், முந்தானையைத் தோளின் ஓரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். சேலைமேல் கோட் போடுகிறவர்கள் முந்தானையை 3 அங்குலமாக ஒடுக்கி மடிக்க வேண்டும். கோட் பாதிச் சேலையை மூடிவிடும் என்பதால், அதற்கு நல்ல பட்டை எடுத்து வீணாக்க வேண்டாம்.

கடைசியாகப் பின்

எந்தக் கட்டாக இருந்தாலும் துருப்பிடிக்காத எஃகுப் பின்னே வாங்குங்கள். பின்னின் சுருள் பகுதியில்தான் இழை சிக்கிக் கிழிகிறது. குத்துவதற்கு முன் சிறிய மணி ஒன்றைக் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட்டால் துணி அங்கே போகாது. குறைந்த எடைச் சேலைக்கு மூன்று பின் தாராளம்: தோள், வலது இடுப்பு, கொசுவம். கனப் பட்டுக்கு ஐந்து. கழற்றும்போது கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, தோள்பின்னிலிருந்து தொடங்குங்கள். முதலில் கொசுவத்தை எடுத்தால் 800 கிராம் துணி தோளில் தொங்கி, அந்த ஒற்றைப் பின்னைச் சுற்றியே கிழியும்.